பதினாலு வீட்டுக்குச் சொன்ன மன்னிப்பு

11

புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து சந்தியா வீட்டில் யாரோடும் பேசவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.

பேசவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. குழாயடியில் குடம் நிரப்பினாள். அப்பாவின் வாட்ச்மேன் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள். ராத்திரி மாத்திரையை மறக்காமல் விழுங்கினாள். வாயை மட்டும் திறக்கவில்லை. ஞானாம்பாளுக்கு அதுதான் தாங்கவில்லை. மகள் திட்டினால் பதிலுக்குத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். சும்மா இருப்பவளை என்ன செய்வது?

புதன்கிழமை அன்பியக் கூட்டம் இந்த வீட்டில் நடந்தது. தெருவிலுள்ள பதினாலு கிறிஸ்தவக் குடும்பங்களும் வாரம் ஒரு வீட்டில் கூடி, செபம் சொல்லி, வாசகம் வாசிப்பார்கள். கடைசியில், இந்த வாரம் நாம் செய்யப்போவது என்ன என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்காரர்தான் முதலில் ஆரம்பிப்பார். அன்றைய வாசகம் மன்னிப்பைப் பற்றியது. சந்தியாவின் அப்பா குழந்தைசாமி எழுந்தார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க பொண்ணுக்கு வலிப்பு இருக்குதுன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி, கூடி வந்த கல்யாணத்தக் கலைச்ச கொளஞ்சியம்மாள, நாங்க குடும்பமா மன்னிச்சிட்டோம்."

அன்பியத் தலைவி செபமாலை டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டை எடுத்தாள். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். இரண்டாவது அடி வரும்போது, கதவோரம் நின்றிருந்த சந்தியா அங்கே இல்லை.

வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுவரை வலிப்பு விஷயமே தெரியாது.

குழந்தைசாமிக்கு இது இன்னும் புரியவில்லை. தன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகத்தான் அதை நினைத்துக்கொண்டிருந்தார்.

*

காலை ஐந்தரை மணிக்குக் குழந்தைசாமி வேலை முடிந்து வந்தார். இ.சி.ஆர். ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் இரவுக் காவல். கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் இருபது வருஷமாக அவரும் ஞானாம்பாளும் உப்பளத்தில் ஒரே ஜோடி.

தேவநாதன் அளத்தில் ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். ஒருவர் பாத்திக்குள் நின்று நீளக் கம்பு பூட்டிய பலகையால் உப்பை வரப்புக்கு இழுக்க வேண்டும். இன்னொருவர் அதைக் கூடையில் அள்ளி மேட்டுக்குச் சுமக்க வேண்டும். ஒற்றை ஆள் பேரை மேஸ்திரி எழுத மாட்டார். இந்த வருஷம் டிசம்பர் சுனாமி அலை உள்ளே கொண்டுவந்து கொட்டிய சேற்றை வாரி முடிக்கவே மார்ச் ஆகிவிட்டது. மிச்சமிருக்கிற சீசனுக்கு இன்று ஏழு மணிக்குப் பட்டியல் எழுதுகிறார்கள். அதில் பேர் இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான்.

தெருவில் ஒற்றை ஆளாக நின்றது இரண்டு பேர். ஒன்று ஞானாம்பாள். இன்னொன்று கொளஞ்சியம்மாள். கொளஞ்சியின் புருஷன் அய்யனார் மூன்று வாரத்துக்கு முன் அளத்திலேயே விழுந்து செத்துப்போனான். மாரடைப்பு என்றார்கள்.

"கொளஞ்சிய சேத்துக்க," என்றார் குழந்தைசாமி, டீயை ஊதிக்கொண்டே. "அவ வாய்க்கு வேற யாரும் சேக்க மாட்டாங்க. செயல்ல எப்படிக் காட்டப் போறீங்கன்னு டீச்சரும் கேட்டுச்சு."

"டீச்சரு வந்து கூட சுமக்குமா?"

"கிண்டல் பண்ணாத. வாயால சொன்னா போதுமா?"

"வாயால சொன்னது நீங்க. நான் சரண்யாகிட்ட வான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

சரண்யா ஞானாம்பாளின் ஓரகத்தி மகள். இருபது வயசு. இரண்டு கூடையை ஒன்றாகச் சுமப்பாள்.

"நம்ம சாமி என்னா சொல்லியிருக்காரு..." என்று குழந்தைசாமி ஆரம்பித்தார்.

"தாராளமா சேத்துக்கச் சொல்லுங்கப்பா."

இரண்டு பேரும் திரும்பினார்கள். சந்தியா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். ஆரோவில்லில் ஊதுபத்தி சுற்றும் பட்டறையில் அவளுக்கு வேலை. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"சேத்துக்கட்டும். நான் சாயங்காலம் வந்து துணி எடுத்துக்கறேன். பட்டறையாண்ட நாலு பொண்ணுங்க ரூம் எடுத்திருக்காங்க. எனக்கு ஒரு பாய் போட எடம் இருக்குது."

"என்னாடி பேசற?" என்றாள் ஞானாம்பாள்.

"கொளஞ்சியம்மா ஒரு வீட்டுக்குச் சொன்னாங்க. இவரு பதினாலு வீட்டுக்குச் சொன்னாரு. யார மொதல்ல மன்னிக்கறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

குழந்தைசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லதுக்குத்தான..."

"வலிப்பு எனக்கு. கல்யாணம் நின்னது எனக்கு. மன்னிச்சது மட்டும் நீங்க. என்ன யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சந்தியா செருப்பை மாட்டினாள்.

"அவங்களோட ஜோடி சேந்தா நான் போறேம்மா. அவ்ளோதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஞானாம்பாள் பயந்திருக்க மாட்டாள். பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

*

அளத்தில் வெயில் ஏழு மணிக்கே கண்ணைக் கூச வைத்தது. ஷெட்டின் முன்னால் மேஸ்திரி பக்தவச்சலம் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஜோடி ஜோடியாக வந்து பேர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"சேட்டு, சின்னப்பாப்பா."

"ஏம்பா சேட்டு, போன சீசன்ல உன் பொண்டாட்டி சுமந்தது, நீ நெழல்ல நின்னு பீடி குடிச்சது. இந்த வருஷமாவது வேல செய்வியா?"

"நான் நிக்கறதப் பாத்தாதான் மேஸ்திரி அவளுக்கு வேகம் வருது."

"வரும் வரும்," என்றாள் சின்னப்பாப்பா. "பலகையால ஒண்ணு போட்டா இவருக்கும் வரும்."

சிரித்தார்கள். ஞானாம்பாள் சிரிக்கவில்லை. அவள் கொஞ்சம் தள்ளியிருந்த பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே கொளஞ்சியம்மாள் தனியாக வேலை செய்துகொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் இறங்கியிருந்தாள். பாத்திக்குள் நின்று உப்பை இழுத்தாள். பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறிக் கூடையில் அள்ளினாள். ஓட்டமாக மேட்டுக்குப் போய்க் கொட்டினாள். திரும்ப ஓடிவந்து பலகையை எடுத்தாள். ஒரே ஆள் ஜோடி வேலை செய்ய முடியும் என்று மேஸ்திரிக்குக் காட்டுகிறாள். மேஸ்திரி பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து வாயைக் கோணினார்கள்.

கொளஞ்சிக்கு நாற்பது வயசு. முழங்கால் வரை வெள்ளை படிந்திருந்தது. மூன்றாவது நடைக்கு ஓட்டம் நடையாகிவிட்டது. அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னைச் சேர்த்துக்கொள் என்று ஒருவரிடமும் போய் நிற்கவில்லை.

ஞானாம்பாளுக்கு அவள் மேல் இருந்த கசப்பு அப்போதும் போகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். டீச்சரின் பாட்டோ, பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை சொன்ன பிரசங்கமோ அவளுக்கு நினைவு வரவில்லை. இந்தப் பொம்பளை பத்து மணிக்குள் மயங்கி விழுவாள் என்று மட்டும் தோன்றியது. கூடவே சந்தியாவின் முகமும் வந்தது. அது மறைவதற்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். மறையவில்லை.

"ஞானம், உன் ஜோடி யாரு? சரண்யாதான?" என்றார் மேஸ்திரி.

"கொளஞ்சி."

சரண்யா கூடையைக் கீழே வைத்தாள். "பெரிம்மா?"

"நீ சின்னப் பொண்ணு. உன்ன யாரும் சேத்துப்பாங்க. பக்கத்துத் தெரு விருத்தாம்பாளுக்கு ஆளு கெடைக்கல, அங்க போ."

"யோசிச்சி சொல்லும்மா," என்றார் மேஸ்திரி. "அப்புறம் நடுவுல சண்ட போட்டுக்கிட்டு வந்து நின்னா மாத்த மாட்டேன்."

"எழுதிக்கங்க."

கொளஞ்சியம்மாள் பாத்தியைவிட்டு ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

"மன்னிச்சி சேக்கறியாக்கா, வேலைக்கி சேக்கறியா?"

"வேலைக்கி."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்தாள்.

*

முதல் பாத்திகளில் கொளஞ்சி இழுத்தாள், ஞானாம்பாள் சுமந்தாள். ஏழாம் பாத்திக்கு வந்தபோது கொளஞ்சி வரப்பிலேயே நின்றுவிட்டாள். பலகை கையில் இருந்தது. கால் இறங்கவில்லை.

ஞானாம்பாள் பலகையை வாங்கிக்கொண்டு தான் இறங்கினாள். ஏன் என்று கேட்கவில்லை. கணுக்கால் அளவு தண்ணீர். அடியில் உப்பு சரளைக்கல் மாதிரிக் காலை அறுத்தது.

பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். கொளஞ்சிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"நேத்து உங்க கோயில் பொம்பளைங்க மூணு பேர் வந்தாங்க. பொடவையும் அரிசியும் வெச்சிட்டு, உன்ன மன்னிச்சிட்டோம்னாங்க. எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன்."

"ஏன்?"

"மன்னிச்சிக் குடுக்கறத வாங்கினா, தப்பு பண்ணேன்னு ஆயிடும் இல்ல. நான் தப்பு பண்ணல."

ஞானாம்பாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"கொழாயாண்ட நாலு பேர் நின்னோம். அந்தப் பொம்மையார்பாளையத்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்னத்தான் கேட்டாங்க, பொண்ணுக்கு ஒடம்பு நல்லா இருக்குதான்னு. உள்ளதச் சொன்னேன். மாத்திர சாப்பிடுது, ஏழு வருஷமா ஒண்ணும் வரலன்னும் சொன்னேன். பொண்ணு தங்கம்னும் சொன்னேன். அத உன்கிட்ட வந்து சொல்லியிருக்க மாட்டாங்க."

சொல்லவில்லைதான்.

"ஒரு தாய் வயித்த எரிய வெச்சிட்டு, உள்ளதச் சொன்னேங்கற."

"எரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாதா?" கொளஞ்சி கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். "உன் பொண்ணு பதினஞ்சி வயசுல உன் வீட்டுக்குள்ள விழுந்திச்சே, அன்னிக்கி நீங்க ரெண்டு பேரும் கையில குடுக்க இரும்பத் தேடிக்கிட்டு ஓடினீங்க. ஒருக்களிச்சிப் படுக்க வெச்சி வாயத் தொடச்சது யாரு?"

"நீதான்."

"அப்படிச் செய்யணும்னு எனக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னு நீ கேட்டதே இல்லக்கா."

ஞானாம்பாளுக்கு அப்போதுதான் ஏதோ பிடிபட்டது. அவளை அறியாமல் கண் ஏழாம் பாத்திக்குப் போனது.

"அய்யனாருக்கும் வலிப்பா?"

"மாரடைப்பு இல்ல," என்றாள் கொளஞ்சி. "அந்தப் பாத்தியில கணுக்கால் தண்ணிதான். நான் கூடைய எடுத்துக்கிட்டுப் போயி மேட்டுல கொட்டிட்டு வர்றேன், குப்புறக் கெடக்குறாரு. எத்தினி வருஷம் கூடவே நின்னேன். கொட்டிட்டுத் திரும்பற நேரம்தான்."

தூரத்தில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"மாத்திர சாப்பிடலயா?"

"ஆஸ்பத்திரி வரிசையில நின்னா யாராச்சும் பாப்பாங்களாம். மேஸ்திரி காதுக்குப் போனா வேல போயிடுமாம். போவல." அவள் வாளியை மூடினாள். "எனக்குக் கல்யாணம் ஆவும்போது பத்தொம்போது வயசு. மூணாம் நாளு அவருக்கு வந்துச்சு. பேய் புடிச்சிடுச்சின்னு நான் தெருவுக்கு ஓடிட்டேன். அவரு பல்லு ஒடஞ்சி ரத்தமாக் கெடந்தாரு. சொல்லியிருந்தா நீ கட்டியிருக்க மாட்டன்னு மாமியா சொன்னாங்க. கட்டியிருப்பனோ என்னமோ. ஆனா தெரிஞ்சிருந்தா ஓடியிருக்க மாட்டன். மொத நாளே பக்கத்துல உக்காந்திருப்பன்."

ஞானாம்பாளும் தன் வாளியை மூடினாள். அவளுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் பொம்மையார்பாளையத்துக்காரர்கள் வருவதற்கு முன்பே தானும் தன் புருஷனும் கூடிப் பேசி முடிவு செய்தவை. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம். அந்தப் பேச்சிலும் சந்தியா இல்லை.

"இத யாருகிட்டயும் சொல்லாதக்கா. செத்தவரப் பத்தி இனிமே யாரையும் பேச விடக்கூடாது."

"சொல்ல மாட்டன்."

எழுந்து வேலைக்குப் போனார்கள். மதியம் ஒரு மணிக்கு மேஸ்திரி வந்து மேட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவரிடம் அது பாராட்டு.

*

சந்தியா சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாள். அம்மா யாரோடு ஜோடி சேர்ந்தாள் என்று பஸ்ஸிலேயே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். வந்ததும் பரணிலிருந்து பையை இறக்கினாள். இரண்டு சுடிதார், ஒரு போர்வை, மாத்திரை அட்டை.

குழந்தைசாமி டியூட்டிக்குக் கிளம்பியவர் சட்டைப் பட்டனைப் போடாமல் நின்றார்.

"இந்த வாரம் போவாதம்மா. ஞாயித்துக்கிழம திண்டிவனத்துலேருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. உனக்கு சந்தோஷமா இருக்கட்டும்னு கடைசியில சொல்லலாம்னு இருந்தேன். நம்ம வேதக்காரங்கதான். பையன் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கான்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அவங்களுக்குத் தெரியுமாப்பா?"

"எது?"

சந்தியா மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"கேட்டாங்க. ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். பின்ன என்னா, போன்லயே..."

"தெருவுக்கே தெரியும்படிச் சொன்னீங்க. தெரிய வேண்டியவங்ககிட்ட இல்லன்னு சொல்லியிருக்கீங்க."

குழந்தைசாமி மனைவியைப் பார்த்தார். புதன்கிழமையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. பட்டனை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார்.

ஞானாம்பாள் வந்து மகளின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கால் வெடிப்பில் உப்பு எரிந்தது.

"புதன்கிழம நான் எழுந்து உங்கப்பாவ உக்கார வெச்சிருக்கணும். செய்யல. நானும் கூட சேந்து பாடினேன்."

சந்தியா போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"கொளஞ்சியம்மாவ ஏம்மா சேத்துக்கிட்ட? சாமிக்காகவா?"

"அவ தனியா இழுத்து தனியா சுமந்துகிட்டு இருந்தா. பாக்க முடியல."

"அவ்ளோதானா?"

"அப்புறம் ஒண்ணு தெரிஞ்சிது. அது அவ சொல்ல வேண்டியது. நான் சொல்ல மாட்டன்."

"என்கிட்ட கூடவா?"

"உன்கிட்ட கூடத்தான். நீயே போயிக் கேளு. சொன்னா சொல்றா."

சந்தியா போர்வையை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். இந்த வீட்டில் அடுத்தவர் விஷயத்தை ஒருவர் சொல்லாமல் வைத்துக்கொள்வதை அவள் அன்றுதான் பார்க்கிறாள்.

"இனிமே உன் பேர்ல நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்றாள் ஞானாம்பாள். "திண்டிவனத்துக்காரங்கள வரவும் சொல்ல மாட்டோம், வர வேணாம்னும் சொல்ல மாட்டோம். நீ என்னா சொல்ற?"

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. குழந்தைசாமி வாசலுக்குப் போகப் பார்த்தார்; போகவில்லை.

"நான் ரூமுக்குப் போறதுதான்ம்மா," என்றாள் சந்தியா கடைசியில். "கோவத்துல இல்ல. கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கறேன். ஆனா இன்னிக்கிப் போவல." கையை நீட்டினாள். "அப்பா, போனக் குடுங்க. அந்த நம்பரப் போட்டுக் குடுங்க."

"இப்பவா? நேர்ல வரட்டுமே. மொகத்தப் பாத்தா..."

"போட்டுக் குடுங்கப்பா."

ரிசார்ட்டில் கொடுத்த செல்போன் அது. குழந்தைசாமி எண்களைத் தேடித் தேடி அழுத்தினார். மணி போவது மூன்று பேருக்கும் கேட்டது. ஐந்தாவது மணியில் ஒரு பெண் குரல், பின்னால் டி.வி. சத்தம்.

"நான் சந்தியா பேசறேங்க. மரக்காணம். ஞாயித்துக்கிழம நீங்க பாக்க வர்ற பொண்ணு."

"பொண்ணே பேசறியா? சொல்லும்மா."

"அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. எனக்கு சின்ன வயசுல வலிப்பு வந்துகிட்டிருந்துச்சு. கடைசியா வந்து ஏழு வருஷம் ஆவுது. தெனமும் மாத்திர சாப்பிடறேன், நிறுத்தக் கூடாது. வேலைக்குப் போறேன். இதத் தெரிஞ்சிக்கிட்டு வர்றதுன்னா வாங்க. வரலன்னாலும் தப்பா நெனக்க மாட்டேன்."

ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்ததும் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஞானாம்பாள் தொடவில்லை. நெருங்கி மட்டும் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. வைத்துவிட்டார்கள் என்று குழந்தைசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

வைக்கவில்லை. யாரோ டி.வி.யை நிறுத்தினார்கள்.

"ஒரு நிமிஷம் இரும்மா," என்றது அந்தக் குரல், முன்னைவிட மெதுவாக. "என் புள்ள இங்கதான் இருக்கான். நீ சொன்னத நான் சொல்றதவிட, அவன்கிட்ட நீயே சொல்லிடு."

அந்தப் பக்கம் போன் கை மாறியது.